முன்னால் நடக்கிறவன்

நாள் முழுக்கச் சம்மணம் போட்டு ஏலக்காய் பொறுக்கியதில் அய்யம்மாளுக்கு இடுப்பு இற்று விழுவதுபோல் இருந்தது. கழுத்தைத் திருப்பினால் தோள்பட்டை வரைக்கும் ஒரு நரம்பு சுண்டி இழுத்தது. கோடவுனில் தட்டின் மேல் குனிந்தபடியே இருக்க வேண்டும். பச்சை தனி, வெடித்தது தனி, பூச்சி விழுந்தது தனி. வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு, பாயை விரித்துக் கொஞ்ச நேரம் கட்டையை நீட்டலாம் என்று நினைத்தபோதுதான் புருஷன் பால்பாண்டி முற்றத்திலிருந்து கூப்பிட்டான்.

“ஏய், இங்க வந்து இதப் பிடி.”

அவன் ஜீப்புக்கு அடியில் மல்லாக்கப் படுத்திருந்தான். கால் இரண்டும்தான் வெளியே தெரிந்தன. பம்பரில் புதிதாக ஓட்டை போட்ட இரும்புத் தூள் சிமெண்டுத் தரையில் சிந்திக் கிடந்தது. பக்கத்தில் பிரித்த அட்டைப்பெட்டி; அதற்குள் இரண்டு மஞ்சள் ஃபாக் லைட். ஒன்றை எடுத்து ஓட்டைக்கு நேரே பிடித்தாள். கை சில்லிட்டது. தரை பகல் வெயிலை இன்னும் கக்கிக்கொண்டிருந்தது, அவள் உள்ளங்கால் சுட்டது. ஆனால் விளக்கு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து எடுத்த சொம்பைப்போல் குளிர்ந்திருந்தது. கண்ணாடியின் உள்பக்கம் பொடிப்பொடியாக வேர்த்திருந்தது.

“இதுக்குள்ள ஈரம் இருக்கு.”

“புதுச் சாமான்டி. காலையிலதான் மதுரையில வாங்கிக் கொண்டாந்தேன்.” அவன் நெளிந்து வெளியே வந்து விளக்கை வாங்கிப் பார்த்தான். கைலியால் துடைத்தான். ஈரம் உள்ளே இருந்தது, போகவில்லை. “களவாணிப் பய, தள்ளிவிட்டுட்டான். எரியவிட்டா காஞ்சிரும். பிடி.”

பிடித்தாள். அவன் நட்டை முடுக்க முடுக்க, கண்ணாடிக்குள் ஒரு துளி திரண்டு மெதுவாகக் கீழே வழிந்தது.

இந்த விளக்கு எதற்கு என்று அவளுக்குத் தெரியும். போடிமெட்டுச் சாலையில் மஞ்சு இறங்கிவிட்டால் — மூடுபனியை மலையில் அப்படித்தான் சொல்வார்கள் — ஜீப்பு விளக்கு எதற்கும் ஆகாது. வெள்ளை வெளிச்சம் வெள்ளைப் பனியில் மோதி ஓட்டுகிறவன் கண்ணிலேயே திரும்பி அடிக்கும். அதனால் வண்டிக்கு முன்னால் ஒருவன் இறங்கி நடப்பான். முதுகை மறைத்து வெள்ளைத் துண்டு கட்டியிருப்பான். ஓட்டுகிறவன் ரோட்டைப் பார்க்கமாட்டான், துண்டைத்தான் பார்ப்பான். துண்டு போனால் போக வேண்டும். துண்டு நின்றால் நிற்க வேண்டும். பால்பாண்டியின் ஜீப்புக்கு முன்னால் போன மாதம் வரை அப்படி நடந்தவன் அவள் தம்பி காசிமாயன்.

எஸ்டேட்டுக்கு அரிசியும் உரமும் ஏற்றிக்கொண்டு இரண்டு பேரும் அன்றைக்கு விடியுமுன்னே கிளம்பிப் போனார்கள். பால்பாண்டி மட்டும் திரும்பி வந்தான். பதினோராவது வளைவில் ஒதுங்கிவிட்டு வருகிறேன் என்று போனவன் வரவில்லை, பள்ளத்தில் கால் வைத்துவிட்டான் போலிருக்கிறது என்றான். போலீசு வந்தது. எஸ்டேட்டு ஆட்கள் கயிறு கட்டி இறங்கிப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. செத்துப்போனான் என்று வாய்விட்டு அழவும் முடியாமல், வருவான் என்று அவனுக்குச் சேர்த்து உலை வைக்கவும் முடியாமல் அய்யம்மாள் கோடவுனுக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். ஒரே ஒரு கேள்விதான் அவளுக்கு. அந்த ரோட்டில் கண்ணை மூடிக்கொண்டு நடக்கிறவன், பாறைப் பக்கம் ஒதுங்காமல் பள்ளத்துப் பக்கம் ஏன் போனான்? ஒரு தடவை கேட்டாள். பால்பாண்டி அறைந்த அறையில் காது இரண்டு நாள் இரைந்துகொண்டே இருந்தது. அதற்குப் பிறகு கேட்கவில்லை.

“இனி எவனையும் நம்பித் தொங்க வேண்டியதில்ல,” என்றான் அவன், அடுத்த விளக்கை எடுத்தபடி. “இது சோறு கேக்காது. பீடி கேக்காது. எறங்கி ஒதுங்கிட்டு வர்றேன்னு பாதியில போகாது.”

அவள் அவன் நகத்திடுக்கில் கருப்பு மை அப்பியிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருட்டு கட்டுவதற்குள் வயர் வேலை முடிந்தது. பேட்டரியிலிருந்து சிவப்பு வயரை இழுத்து, ரிலேயைத் திருகி, எர்த்து வயருக்காகச் சேசிஸில் ஒரு இடத்தில் பெயிண்டைச் சுரண்டினான். ஸ்டியரிங்குக்குக் கீழே சுவிட்சைப் பொருத்தினான். தெருப் பயல்கள் வந்து வேடிக்கை பார்ப்பார்கள் என்று கேட்டைச் சாத்தித் தாழ் போட்டான். எதிரே ஏலக்காய்க் கோடவுனின் பின்சுவர். அதில் இடுப்புயரத்தில் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு இழுத்தான்.

“வெளிச்சம் இந்தக் கோட்டுக்குக் கீழதான் விழணும். மேல போனா மஞ்சுல பட்டுத் திருப்பி அடிக்கும். நீ ஏறி உக்காரு. சொல்றப்பப் போடு, சொல்றப்ப அமத்து.”

“எனக்கு இடுப்பு...”

“உக்காந்து சுவிட்சு அமுக்குறதுக்கு என்னடி இடுப்பு? கோடவுனுல உக்காந்துதான எந்திரிச்சு வந்த.”

ஏறினாள். அந்தச் சீட்டில் அவள் உட்கார்ந்ததே இல்லை. பல வருஷம் ஒருவனே உட்கார்ந்து அவன் உடம்புக்குத் தக்கபடி குழி விழுந்திருந்தது; அவள் உடம்பும் அந்தக் குழிக்குள் தானாகச் சரிந்தது. டீசலும் வேர்வையும் பழைய சாக்கும் கலந்த வாடை. பேட்டரி இறங்கிவிடும் என்று அவன் சாவியைத் திருப்பி இஞ்சினை ஓடவிட்டான். ஜீப்பு குலுங்கி உறுமியது. அவன் முன்னால் போய் வலது விளக்குக்கு நேரே முட்டி போட்டு உட்கார்ந்தான். பானெட்டு அவனை மறைத்துக்கொண்டது. தலை முடிகூடத் தெரியவில்லை.

“போடு.”

போட்டாள். சுவரில் மஞ்சளாக இரண்டு வட்டம் விழுந்து ஒன்றோடொன்று கலந்தது. காரை பெயர்ந்த இடமும், ஆணியில் தொங்கிய சாக்கும், சாக்பீஸ் கோடும் தெரிந்தன. வெளிச்சம் கோட்டுக்கு மேல் ஏறியிருந்தது. ஸ்பானர் உரசும் சத்தம் கேட்டது. வட்டம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

பிறகு அந்த வெளிச்சத்தில் ஏதோ புகைந்தது.

“பொக வருது.”

“எங்க?”

“லைட்டுக்கு முன்னால.”

அவன் மூக்கை உறிஞ்சியது கேட்டது. “ஒரு பொகையும் இல்ல. நான் இங்கதான இருக்கேன். அமத்து.”

அணைத்தாள். தெருவிளக்கின் மங்கலில் சுவர் சுத்தமாக இருந்தது. வானத்தில் நட்சத்திரம்கூடத் தெளிவாக இருந்தது.

“போடு.”

போட்டாள். புகையில்லை. மஞ்சு. மலையடிவாரத்துப் போடி ஊருக்குள், வேர்த்து வடிகிற முற்றத்துக்குள், வெளிச்சம் விழுந்த இடத்தில் மட்டும் பால்போல் மஞ்சு நின்றது. நின்றதுகூட இல்லை, நகர்ந்தது, இடமிருந்து வலமாக, பள்ளத்திலிருந்து காற்று ஏறும்போது நகர்வதுபோல. சாக்பீஸ் கோடு மறைந்தது. சுவர் மறைந்தது. கதவில்லாத ஜீப்பின் பக்கவாட்டு வழியாகக் குளிர் உள்ளே வந்து அவள் முழங்காலில் உட்கார்ந்தது. நனைந்த சருகு வாடை. ஏலச்செடியின் பச்சை வாடை; கோடவுனில் அடிக்கிற காய்ந்த வாசனை இல்லை, வேரும் மண்ணுமாகச் செடியிலேயே அடிப்பது. எங்கோ தண்ணீர் பாறையில் சொட்டிக்கொண்டிருந்தது.

“இடது பக்கம் சரியா இருக்கா?” மஞ்சுக்குள்ளிருந்து பால்பாண்டி கேட்டான்.

அவள் மஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏய், ஒன்னயத்தான். கோட்டுக்குக் கீழயா மேலயா?”

“கீழ,” என்றாள். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

அப்போது துண்டு தெரிந்தது. முதலில் ஒரு வெளுப்பு மட்டும். பிறகு நான்கு மூலை. பிறகு துண்டுக்குக் கீழே மடித்துக் கட்டிய கைலி, முட்டிக்குப் பின்னால் சேறு தெறித்த கால்கள். நடந்துகொண்டிருந்தது. இடது தோள் கொஞ்சம் சரிந்த நடை. சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து தோள் இறங்கியவனின் நடை. அந்தத் தோளுக்கு எண்ணெய் நீவிவிட்டவள் அவள். துண்டு முன்னால் போய்க்கொண்டே இருந்தது, ஆனால் தூரம் கூடவில்லை. ஜீப்பு அதன் பின்னாலேயே போவதுபோல் ரோட்டோரப் புல்லும் வெள்ளையடித்த கல்லும் இரண்டு பக்கமும் பின்னுக்கு நகர்ந்தன. அவள் கீழே குனிந்து பார்த்தாள். சக்கரத்துக்கு அடியில் சிமெண்டுத் தரை அசையாமல் இருந்தது.

நிமிர்ந்தாள். துண்டு நின்றிருந்தது. வலது கை மேலே எழுந்து, உள்ளங்கை விரிந்தது. நில்.

அவள் பிரேக்கை மிதித்தாள். எது பிரேக்கு என்று யோசிக்கவில்லை. கால் தானாகப் போனது. பெடல் சேறுபோல் தரைவரை அமுங்கியது. துண்டு பெரிதானது. இன்னும் மிதித்தாள். துண்டு கண்ணாடி முழுக்க வந்தது. கையை ஊன்றி, எழுந்து, உடம்பு மொத்தத்தையும் பெடலில் வைத்தாள். துண்டு பானெட்டுக்குக் கீழே போனது.

ஜீப்பு ஒருமுறை ஏறி இறங்கியது.

“என்னடி வண்டிய ஆட்டுற,” என்றான் முன்னால் இருந்த பால்பாண்டி.

அதே குரல், அதே நேரத்தில், மஞ்சுக்குள் தூரத்திலிருந்து வேறொன்று சொன்னது. “அடப்பாவி. அடப்பாவி. எந்திரிடா.”

டிரைவர் பக்கத்திலிருந்து ஒருவன் வெளிச்சத்துக்குள் நடந்து போனான். காக்கிச் சட்டை. அவள் துவைத்த சட்டை. குனிந்தான். தரையில் கிடந்தவன் ஒரு முழங்கையை ஊன்றி எழப் பார்த்தான். ஒரு கால் மட்டும் அவனோடு வரவில்லை, வேறு யாருடையதோபோல் திரும்பிக் கிடந்தது.

“கால்ல மட்டுந்தான் மாமா,” என்றான் காசிமாயன். “வேற எங்கயும் இல்ல மாமா. கட்டுப் போட்டாச் சரியாயிரும்.”

காக்கிச் சட்டை நிமிர்ந்தது. ரோட்டின் மேலும் கீழும் பார்த்தது. பிறகு தரையில் கிடந்தவனின் இரண்டு கணுக்காலையும் சேர்த்துப் பிடித்தது. காசிமாயன் அலறவில்லை. என்ன நடக்கிறது என்று அவனுக்குப் புரியவில்லை. தன்னை ஜீப்பில் ஏற்றப்போகிறார் மாமா என்று நினைத்தவன்போல, வாகாக இருக்கட்டும் என்று தோளைத் தரையிலிருந்து தூக்கிக் கொடுத்தான். வண்டி இருந்த பக்கம் அவனை இழுக்கவில்லை, பள்ளத்துப் பக்கம் இழுத்தது. அதன் பிறகுதான் அவன் விரல்கள் ரோட்டோரப் புல்லைப் பிடித்தன. புல் வேரோடு வந்தது.

வெளிச்சத்தில் மஞ்சு மட்டும் இருந்தது.

ஸ்பானர் உரசிக்கொண்டிருந்தது. அய்யம்மாளின் வாய் பேசியது. குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

“கால்ல மட்டுந்தான் அடின்னு சொன்னானா?”

ஸ்பானர் நின்றது.

“யாரு?”

“என் தம்பி.”

இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. என்னடி உளறுகிறாய் என்று கேட்பான் என்று எதிர்பார்த்தாள். கேட்டால் நம்பிவிடலாம் என்றுகூட நினைத்தாள். அவன் கேட்கவில்லை. பானெட்டுக்கு மேலே மெதுவாக அவன் தலை எழுந்தது. கீழிருந்து அடித்த மஞ்சள் வெளிச்சத்தில் மோவாயும் மூக்குத் துவாரமும் மட்டும் தெரிந்தன.

“யாருடி சொன்னா ஒனக்கு?”

“உசுரோட இருந்தானே.”

அவன் ஸ்பானரைக் கைலியில் துடைத்தான். முன்னும் பின்னும் துடைத்தான்.

“பிரேக்கு நிக்கல. கையத் தூக்குனான், மிதிச்சேன், நிக்கல. சீசன் முடியட்டும், பாத்துக்கலாம்னு விட்டிருந்தேன்.”

“உசுரோட இருந்தான்.”

“இருந்தான். அதுக்கு?” அவன் குரல் உயரவில்லை. “இன்சூரன்ஸ் கெடையாது. எப்.சி. கெடையாது. ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா கேசு. கேசானா ஜீப்பு ஸ்டேசன் வாசல்ல நின்னு துருப்பிடிச்சுப் போகும். காலு போனவனுக்கு ஆயுசுக்கும் யாரு பீ அள்ளிப்போடுறது, நீயா? நீ பொறுக்குற ஏலக்காயில நம்ம வீட்டு அடுப்பு எரியுமா? யோசிச்சுத்தான் செஞ்சேன். ஒனக்கும் சேத்துத்தான் யோசிச்சேன்.”

அவள் பெடலிலிருந்து காலை எடுத்தாள்.

“எங்கிட்டுப் பாத்த நீ? யாரும் அந்த ரோட்டுல இல்லையே.”

“இங்கதான். இந்தச் சீட்டுல உக்காந்தாத் தெரியுது.”

அவன் சுற்றி வந்தான். ஸ்பானர் கையிலேயே இருந்தது. “எறங்கு.”

இறங்கினாள். அவன் ஏறி உட்கார்ந்து முன்னால் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான்.

“ஒண்ணுந் தெரியல. செவருதான் தெரியுது.” சொல்லிவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் வாயைப் பார்த்தான். அந்த வாய் நாளைக்குக் கோடவுனில் யார் யாரிடம் பேசும் என்று கணக்குப் போடுகிற பார்வை. “முன்னால போயி நில்லு.”

“எதுக்கு?”

“நில்லுன்னா நில்லு. ஆளு நின்னா வெளிச்சம் எப்பிடி விழுதுன்னு பாக்கணும்.”

கேட்டுத் தாழ் போட்டிருந்தது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சுவருக்கும் பம்பருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கத்தான் இடம். எதற்கு நிற்கச் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டிருக்கலாம். ஆனால் அந்த வெளிச்சத்துக்குள்தான் தம்பி கிடந்தான். பள்ளத்தில் இறங்கித் தேடியவர்கள் யாருக்கும் கிடைக்காதவன், நாலு எட்டு வைத்தால் அங்கே இருக்கிறான்.

போய் நின்றாள்.

கண் கூசியது. இரண்டு மஞ்சள் வட்டம். அவற்றுக்குப் பின்னால் ஜீப்பும் இல்லை, ஆளும் இல்லை. கூச்சம் தாங்காமல் முதுகைத் திருப்பி, சாய்ந்துகொள்ளச் சுவருக்குக் கையை நீட்டினாள்.

சுவர் இல்லை.

கை காற்றுக்குள் போனது. ஈரக்காற்று. காலுக்குக் கீழே சூடு இல்லை. நனைந்த தார், கூர்க்கல். மஞ்சு முகத்தில் படிந்து உதட்டில் வழிந்தது. ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்திலிருந்து காற்று மேலே ஏறி வந்தது.

பின்னால் கியர் விழுந்தது.

“அய்யம்மா.” பால்பாண்டியின் குரல். அந்தக் குரலை அவள் இதற்குமுன் கேட்டதில்லை. “அய்யம்மா, தள்ளு. ஒன் காலுகிட்ட...”

கணுக்காலை ஒரு கை பிடித்தது.

குளிர்ந்த கை. விரல் நகமெல்லாம் மண். நகத்துக்கு நகம் புல் வேர். குனிந்து பார்த்தாள். தம்பிதான். முகத்தில் பாதிதான் தம்பி.

“அக்கா,” என்றான். “கால் போச்சுக்கா.”

அவள் உட்கார்ந்து அவனைத் தூக்கப் போனாள். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். தன் முதுகிலிருந்து எதையோ உருவினான். மஞ்சில் முன்னால் நடக்கப் புறப்பட்டவன் மெட்டு உச்சிக்குப் போய்ச் சேரும்வரை நிற்கக்கூடாது. முடியாமல் போனால் துண்டைத் தரையில் போடக்கூடாது. இன்னொருவர் முதுகுக்கு மாற்றிவிட வேண்டும். வீட்டாள் இருந்தால் வீட்டாளுக்குத்தான். ஜீப்புக்காரர்களிடம் வழிவழியாக உள்ள வழக்கம் இது. அவளுக்கும் தெரியும்.

துண்டு அவள் முதுகில் விழுந்தது. நனைந்த சாக்கின் கனம்.

“நடக்கா. மாமா ரோட்டப் பாக்கமாட்டாரு. ஒன்னயத்தான் பாப்பாரு.”

கால் நகர்ந்தது. நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை. அடுத்த கால் நகர்ந்தது. பின்னால் டயருக்கு அடியில் கல் நொறுங்கியது. பம்பர் அவள் ஆடுதசையைத் தொட்டது. வேகமாக நடந்தாள். மறுபடி தொட்டது.

திரும்பிப் பார்த்தாள்.

மஞ்சள் வெளிச்சத்துக்குப் பின்னால் பால்பாண்டி தெரிந்தான். சீட்டில் உட்காரவில்லை. இரண்டு காலாலும் பிரேக்கின் மேல் ஏறி நின்றிருந்தான். ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்திருந்தான். வாய் முழுதாகத் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. வண்டி நிற்கவில்லை.

கீழே அவள் கணுக்காலை விடாமல் பிடித்துக்கொண்டு, முகம் தாரில் உரச, காசிமாயன் கூடவே இழுபட்டு வந்தான்.

அவள் கையைத் தூக்கினாள். உள்ளங்கையை விரித்தாள்.

வண்டி வந்துகொண்டிருந்தது.

மேலே வளைவு திரும்பியது. அதற்கு மேலே இன்னொன்று. பதினோராவது வளைவிலிருந்து போடிமெட்டு வரைக்கும் காசிமாயன் நடந்து கொடுக்க வேண்டிய நடை அத்தனையும் பாக்கி.